60 டாலருக்கு வாங்கின 1989 ஸ்டம்ப்ஜம்பர்: நிஜ விலை என்னன்னு கண்டுபிடிச்ச கதை

போன வாரம் அந்த ஸ்டம்ப்ஜம்பர் 360 டாலருக்கு கைமாறிடுச்சு. வாங்கினது 60 டாலருக்கு, எங்க பக்கத்துல வீடு காலி பண்ணிட்டு போன ஒரு பெரியவர் போட்ட கராஜ் சேல்ல. நடுவுல நடந்த வேலை பூரா ஒரே ஒரு கேள்விக்கு பதில் தேடுறதுக்குத்தான், இந்த பழைய மவுண்டன் பைக் நிஜமா எவ்ளோ பெறும்? நெட்ல தேடினா அதே பேரு, கிட்டத்தட்ட அதே வயசு பைக்குக்கு 80 டாலர்னும் போட்டிருக்காங்க, 1,200 டாலர்னும் போட்டிருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல நம்ம பைக் எங்க நிக்குதுன்னு சொல்றதுக்கு நான் என்னென்ன கழட்டினேன், என்னென்ன அளந்தேன், எவ்ளோ செலவாச்சுன்னு வரிசையா எழுதி வைக்கிறேன். கலிஃபோர்னியா பே ஏரியால இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் கராஜ் சேல்ல இந்த மாதிரி பைக்கை பார்த்துட்டு எடுக்கலாமா வேணாமான்னு நின்னு யோசிக்கிறதை பார்த்திருக்கேன், அவங்களுக்கு உதவும்.

முதல்ல பேரு விஷயம். ஸ்டம்ப்ஜம்பர்னு ஃப்ரேம்ல எழுதியிருந்தாலே பெரிய விலைன்னு ஒரு நினைப்பு இருக்கு. அதுக்கு காரணம் 1981ல வந்த முதல் ஸ்டம்ப்ஜம்பர்தான். அதுக்கு முன்னாடி மவுண்டன் பைக்னா சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல மரின் கவுண்டிலயும் அதுக்கு சுத்துப்பட்டுலயும் ஜோ ப்ரீஸ், டாம் ரிட்சி மாதிரி ஆளுங்க கையால ஒண்ணு ஒண்ணா செஞ்சதுதான். ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியோட மைக் சின்யார்ட் அதை ஜப்பான்ல மொத்தமா செஞ்சு கொண்டுவந்து 750 டாலருக்கு வித்தார். ஸ்மித்சோனியன் மியூசியத்துலயே ஒரு பழைய ஸ்டம்ப்ஜம்பர் இருக்கு. அந்த முதல் சில வருஷத்து பைக்குகளுக்கு சேர்த்து வைக்கிறவங்க நல்ல விலை குடுப்பாங்க. ஆனா அந்த பேரை கம்பெனி விடவே இல்ல, இன்னைக்கு வரைக்கும் அதே பேர்ல பைக் வருது. அதனால பேரை வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது, வருஷம் தெரிஞ்சாகணும், அந்த வருஷத்துல எந்த மாடல்னும் தெரிஞ்சாகணும்.

வருஷம் கண்டுபிடிக்க நான் நம்புறது ஷிமானோங்கற ஜப்பான் பார்ட் கம்பெனியோட தேதி எழுத்தை. பழைய ஷிமானோ பார்ட் எல்லாத்துலயும் பின்பக்கம் ரெண்டு இங்கிலீஷ் எழுத்து குத்தியிருப்பாங்க. முதல் எழுத்து வருஷம், 1976க்கு ஏ, 1977க்கு பி, அப்படியே போய் 2001க்கு இசட். ரெண்டாவது எழுத்து மாசம், ஜனவரிக்கு ஏ, டிசம்பருக்கு எல். கிராங்க்கை (பெடல் மாட்டுற கை) கழட்டி உள்பக்கத்துல இருந்த கருப்பு மசியை டிகிரீசர் போட்டு பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சப்ப அரிசி மணி அளவுல 'எம்', 'ஜே'ன்னு தெரிஞ்சுச்சு. அதாவது 1988 அக்டோபர். முன் ஹப்ல 'எம்', 'ஐ', செப்டம்பர். முன் கேண்டிலீவர் பிரேக்லயும் எம்ல ஆரம்பிக்கிற எழுத்துதான். 1988 கடைசில செஞ்ச பார்ட்னா அது 1989 மாடல் பைக்ல ஏறியிருக்கும், ஏன்னா ஒவ்வொரு வருஷத்து பைக்கையும் முந்தின வருஷம் கடைசிலயே அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சுடுவாங்க. பழைய கேட்டலாக் ஸ்கேன்கள்ல கலரையும் எழுத்து ஸ்டைலையும் ஒப்பிட்டு பார்த்தேன், 1989 ஸ்டம்ப்ஜம்பர்ல 'காம்ப்'ங்கற மாடல்னு சரியா உக்காந்துச்சு. சீட் ட்யூப்ல (சீட்டுக்கு கீழ இறங்குற ஃப்ரேம் குழாய்) டாங்கே பிரெஸ்டீஜ் ஸ்டிக்கர் பாதி உரிஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அது ஜப்பான்ல செஞ்ச நல்ல குரோமோலி ஸ்டீல் ட்யூப்.

பின் டீரெயிலர்ல (செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு தள்ளுற பார்ட்) மட்டும் எழுத்து 'ஆர்', 'எஃப்'. 1993 ஜூன். மத்ததெல்லாம் ஷிமானோவோட டியோர் எக்ஸ்டி ரகம், இது மட்டும் அதுக்கு ஒரு படி கீழ, டியோர் எல்எக்ஸ். யாரோ எங்கயோ விழுந்து பழசை உடைச்சிட்டு இதை மாட்டியிருக்காங்க. ஓட்டுறவனுக்கு இதனால ஒரு குறையும் இல்ல, ஷிஃப்டிங் அருமையா இருந்துச்சு, ஆனா 'எல்லாம் ஒரிஜினல்'னு விளம்பரத்துல போட முடியாது. தேதி எழுத்து பார்க்காம இருந்திருந்தா நான் அப்படித்தான் போட்டிருப்பேன், பார்க்க எல்லாமே ஒரே மாதிரி சாம்பல் கலர் அலுமினியம்தானே. வாங்குறவர் விஷயம் தெரிஞ்சவரா இருந்தா அந்த ஒரு வரியிலயே நம்ம மேல இருக்குற நம்பிக்கை போயிடும், அதுக்கப்புறம் ஃப்ரேம்ல டென்ட் இல்லன்னு சொன்னாலும் நம்ப மாட்டார்.

அடுத்து ஃப்ரேம். பழைய மவுண்டன் பைக்ல விலையை தீர்மானிக்கிறது ஃப்ரேமோட ஆரோக்கியம்தான், பார்ட்டெல்லாம் மாத்திக்கலாம். ஹெட் ட்யூபுக்கு (முன் ஃபோர்க் நுழையுற குழாய்) பின்னாடி ஒரு இஞ்ச் தள்ளி, மேல போற டாப் ட்யூப், கீழ சாய்ஞ்சு போற டவுன் ட்யூப் ரெண்டோட அடிப்பக்கத்தையும் விரல் நுனியால தடவி பார்க்கணும். பைக் எதுலயாவது நேரா மோதியிருந்தா அங்க லேசா ஒரு மடிப்பு விழுந்திருக்கும், கண்ணுக்கு தெரியாது, பெயிண்ட் கூட உரிஞ்சிருக்காது, விரலுக்கு மட்டும் தட்டுப்படும். கண்ணை மூடிக்கிட்டு மெதுவா தடவினா நல்லா தெரியும். என் பைக்ல மடிப்பு இல்ல. டாப் ட்யூப்ல வலது பக்கம் ஹேண்டில்பார் திரும்பி இடிச்ச ஒரு சின்ன பள்ளம் இருந்துச்சு, 6 மில்லிமீட்டர் அகலம், ஆழம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. ஓட்டுறதுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, விலைல 20, 30 டாலர் கம்மியாகும், அவ்ளோதான்.

அப்புறம் நூல் டெஸ்ட். பின் சக்கரத்தை கழட்டிட்டு, ஒரு பக்க டிராப்அவுட்ல (சக்கர அச்சு உக்காருற பிளவு) நூலை கட்டி, ஹெட் ட்யூபை சுத்தி கொண்டுவந்து, இந்தப்பக்க டிராப்அவுட்ல இறுக்கமா கட்டணும். இப்ப நூலுக்கும் சீட் ட்யூபுக்கும் இருக்குற இடைவெளியை ரெண்டு பக்கமும் காலிப்பரால அளக்கணும். எனக்கு இடது பக்கம் 35, வலது பக்கம் 36 மில்லிமீட்டர். ஒண்ணு, ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்ல, அஞ்சாறு வந்துச்சுன்னா பின்பக்கம் வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். இதுக்கு செலவு கொஞ்சம் நூல்தான். கராஜ் சேல்ல நின்னுக்கிட்டே இதை செய்ய முடியாது, ஆனா விரலால தடவுறதை அங்கயே செய்யலாம், நான் அதை செஞ்சுட்டுத்தான் 60 டாலரை எடுத்து குடுத்தேன்.

எடை போட்டது ஊருக்கு போறப்ப பெட்டி எடை பார்க்குற லக்கேஜ் ஸ்கேல்ல. சீட்டுக்கு கீழ கொக்கியை மாட்டி தூக்கினா 12.1 கிலோ. சஸ்பென்ஷன் இல்லாத ஸ்டீல் பைக்குக்கு அது நல்ல எடை. சூப்பர்மார்க்கெட்ல வித்த சாதா பைக்கா இருந்தா 15, 16 கிலோவுக்கு போயிருக்கும். எடையை பார்த்ததும் எனக்கு அந்த டாங்கே ஸ்டிக்கர் மேல நம்பிக்கை வந்துச்சு, ஸ்டிக்கரை யார் வேணா ஒட்டலாம், எடையை மாத்த முடியாது.

இனி இந்த வேலையிலயே பெரிய பகுதி, சீட்போஸ்ட், அதாவது சீட்டை தாங்கி ஃப்ரேமுக்குள்ள இறங்குற குழாய். அது அசையவே இல்ல. கிளாம்ப்பை முழுசா லூஸ் பண்ணிட்டு சீட்டை பிடிச்சு திருகினேன், பைக் தான் மொத்தமா திரும்புச்சு. ஸ்டீல் ட்யூபுக்குள்ள அலுமினியம் போஸ்ட், நடுவுல கிரீஸ் இல்ல, வேர்வையும் மழைத்தண்ணியும் இறங்கி முப்பது வருஷத்துக்கு மேல உக்காந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளையா பூத்து ரெண்டும் ஒட்டிக்கும். இதுக்கும் விலைக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. சீட்போஸ்ட் ஒட்டின ஃப்ரேமை வாங்குறவர் தன் உயரத்துக்கு மாத்திக்க முடியாது, அதனால வாங்குறவங்க கூட்டமே பாதியா குறைஞ்சிடும், மிச்சம் இருக்குறவங்களும் அதை சொல்லியே விலையை அடிப்பாங்க. நான் பார்த்த வித்த விலைகள்ல, போஸ்ட் ஒட்டினதுன்னு எழுதியிருந்த பைக்கெல்லாம் மத்ததை விட 100 டாலர் வரைக்கும் கம்மியா போயிருந்துச்சு.

மேல இருந்து துருவை இளக்குற பிபி பிளாஸ்டர் ஆயில் அடிச்சு பார்த்தேன். ரெண்டு நாள் ஊற விட்டும் ஒண்ணும் நடக்கல. காரணம் சிம்பிள், மேல காலர் கிட்ட ஒட்டினது கொஞ்சம்தான், உள்ள போஸ்ட்டோட முழு நீளத்துக்கும் ஒட்டியிருக்கு, மேல இருந்து ஊத்தின ஆயில் அங்க போய் சேரவே சேராது. கீழ இருந்துதான் போகணும். அதுக்கு சீட் ட்யூபோட அடியில கிராங்க் அச்சு சுத்துற பாட்டம் பிராக்கெட்டை கழட்டணும். 14 மில்லிமீட்டர் சாக்கெட்டால கிராங்க் போல்ட்டை எடுத்துட்டு, கிராங்க் புல்லரை மாட்டி ரெண்டு கிராங்க்கையும் இழுத்தேன். இங்க ஒரு விஷயம், புல்லரை மாட்டுறதுக்கு முன்னாடி கிராங்க்ல இருக்குற மரையை நல்லா சுத்தம் பண்ணி கடைசி வரைக்கும் கையாலயே முறுக்கி ஏத்தணும். அழுக்கோட பாதி மரையில மாட்டி இழுத்தா மரை உரிஞ்சு வெளிய வந்துடும், எக்ஸ்டி கிராங்க் 70 டாலர் பொருள், அதோட போச்சு. இடது பக்க கப்பை கொக்கி ஸ்பானரால லாக்ரிங்கை எடுத்து கழட்டினேன். வலது பக்க கப்பை தொடவே வேணாம், அது இடஞ்சுழி மரை, பலம் போட்டு தப்பான பக்கம் திருகினா இன்னும் இறுகிடும், நமக்கு இடது பக்க ஓட்டையே போதும்.

ஃப்ரேமை தலைகீழா தொங்க விட்டு, அந்த ஓட்டை வழியா சீட் ட்யூபுக்குள்ள ஆயிலை ஊத்தினேன். இப்ப ஆயில் போஸ்ட்டோட அடி முனையில போய் தேங்கி நிக்கும், அங்க இருந்து இடுக்குல இறங்கும். தினமும் வேலை முடிஞ்சு வந்து ரப்பர் சுத்தியலால சீட் ட்யூபை சுத்தி லேசா தட்டிவிட்டுக்கிட்டே இருந்தேன், அந்த அதிர்வு ஆயிலை உள்ள இழுக்கும். வாரக்கடைசில கீபோர்டு சுத்தம் பண்ற ஏர் டஸ்டர் கேனை தலைகீழா பிடிச்சு போஸ்ட்டுக்குள்ள அடிச்சேன், அப்படி பிடிச்சா உள்ள இருக்குற திரவம் வெளிய வந்து போஸ்ட்டை உறைய வைக்கும். ஸ்டீலை விட அலுமினியம் குளிர்ல அதிகமா சுருங்கும், அந்த சுருக்கம்தான் நமக்கு வேணும். சூடு பண்ணா நேர் எதிரா நடக்கும், போஸ்ட் இன்னும் விரிஞ்சு இறுகும். அந்த கேன்ல வர்ற வாயு தீப்பிடிக்கும், கராஜ் கதவை திறந்து வச்சுட்டு, பக்கத்துல வாட்டர் ஹீட்டர் எரியாத இடமா பார்த்து அடிங்க, கையுறை கண்டிப்பா போடுங்க.

நண்பர் ஒருத்தர் கராஜ்ல நல்ல பெஞ்ச் வைஸ் இருக்கு. சீட்டை எடுத்துட்டு போஸ்ட்டோட தலையை வைஸ்ல கடிக்க வச்சு, ஃப்ரேமையே நெம்புகோலா பிடிச்சு திருப்பினோம். அவர் முன்பக்கம், நான் பின்பக்கம். "தல, ஃப்ரேம் முறுக்கிக்கப் போகுது, போதும்"னார் அவர். உடனே நிறுத்திட்டு மறுபடி குளிர வச்சு, இன்னும் மெதுவா, ஒரு பக்கம் கொஞ்சம், இன்னொரு பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி திருப்பினப்ப 'டக்'னு ஒரு சத்தம், அந்த சத்தம் கேட்டதும் வேலை முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் திருகிக்கிட்டே இழுக்க இழுக்க வெள்ளை மாவோட கலந்த பழுப்பு ஆயில் வழிய வழிய வந்துச்சு. போஸ்ட்ல 26.8னு குத்தியிருந்துச்சு, காலிப்பரும் அதையேதான் காட்டுச்சு. இந்த நம்பருக்கு ஒரு அர்த்தம் உண்டு. அந்த காலத்து ஸ்டீல் சீட் ட்யூபோட வெளி விட்டம் பெரும்பாலும் 28.6 மில்லிமீட்டர், அதனால உள்ள போற போஸ்ட் எவ்ளோ பெருசோ ட்யூப் அவ்ளோ மெல்லிசு, ஃப்ரேம் அவ்ளோ உயர்ந்த ரகம். 26ன்னு ஆரம்பத்துலயே நின்னா தடிச்ச சாதா ட்யூப், 26.8, 27.2ன்னா நல்ல ட்யூப். யாரும் உரிச்சு எடுக்க முடியாத ஸ்டிக்கர் இதுதான். உள்ள டார்ச் அடிச்சு பார்த்தேன், மேலோட்டமா துரு, அரிச்சு தின்ன இடம் எதுவும் இல்ல. துடைச்சு எடுத்துட்டு கிரீஸை தாராளமா போட்டு போஸ்ட்டை திரும்ப இறக்கினேன். மொத்த செலவு ஆயிலுக்கு 8 டாலர், டஸ்டர் கேன் வீட்டுலயே இருந்தது.

இப்பதான் விலை தேடுறதுக்கே அர்த்தம் வந்துச்சு. என்ன வருஷம், என்ன மாடல், எது மாத்தினது, ஃப்ரேம் நேரா இருக்கா, எல்லாம் கைல இருக்கு. கேக்குற விலையை நான் பார்க்கவே இல்ல. 1,200 டாலர் போட்டிருந்த அந்த பைக் மாசக்கணக்கா அப்படியே கிடக்கு, அது அவரோட ஆசை. ஈபேல 'விற்றவை'ன்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அதை போட்டா கடைசி 90 நாள்ல நிஜமா கைமாறினது மட்டும் வரும். அதுலயும் விலை மேல கோடு போட்டு அடிச்சிருந்தா பேரம் பேசி அதை விட கம்மிக்கு போயிருக்குன்னு அர்த்தம், அந்த நம்பரை எடுத்துக்க கூடாது. 90 நாள்ல ஒரே மாடல் நிறைய கிடைக்காது, அதனால அதே காலத்து, அதே தரத்து மத்த ஸ்டீல் பைக்கையும் சேர்த்து பார்த்தேன். அப்படி பார்த்தா முழு பைக், ஓட்டுற நிலையில, 300ல இருந்து 450 வரைக்கும். டயர் வெடிச்சு, செயின் துருப்பிடிச்சு, ஆனா முழுசா இருக்குறது 250 பக்கம்.

சைஸும் முக்கியம். 18, 19 இஞ்ச் ஃப்ரேம்தான் வேகமா போகுது, நடுத்தர உயரம் உள்ளவங்க எல்லாருக்கும் பொருந்தும். 22 இஞ்ச் ஃப்ரேம் எவ்ளோ அழகா இருந்தாலும் வாங்குற ஆளை தேடணும். என்னோடது 18.

ஈபே விலையை அப்படியே நம்ம கைக்கு வர்ற காசா நினைச்சுக்கவும் கூடாது. கமிஷன் கிட்டத்தட்ட 13 சதவீதம். முழு பைக்கை பெட்டில போட்டு அனுப்ப 100ல இருந்து 150 டாலர் ஆகும், வாங்குறவர் அதை குடுக்குறார்னாலும் அவர் மனசுல மொத்த தொகைதான் கணக்கு. அதனால நேர்ல வந்து எடுத்துட்டு போறவருக்கு 360, 380 வாங்கினா அது ஈபேல 430 வாங்கின மாதிரி.

அப்புறம் பிரிச்சு வித்தா என்ன வரும்னு ஒரு கணக்கு போட்டேன். எக்ஸ்டி தம்ப் ஷிஃப்டர் (கட்டைவிரலால தள்ளுற கியர் லீவர்) ஜோடி 95. இந்த ஷிஃப்டருக்கு ஏன் இவ்ளோ மவுசுன்னா, படி படியா கியர் மாறுற இன்டெக்ஸ் வேணாம்னா, படி இல்லாம நாமளே நகர்த்தி வைக்கிற ஃப்ரிக்ஷனுக்கு ஒரு திருப்புல மாத்திக்கலாம், எந்த கம்பெனி டீரெயிலரோடயும் வேலை செய்யும். 1990க்கு அப்புறம் வந்த பட்டன் அமுக்குற ஷிஃப்டர்கள்ல உள்ள கிரீஸ் பசையா இறுகி பல்லு கடிக்காம போயிடும், இதுல அப்படி இறுகுறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. கிராங்க் 70. சக்கரம் ரெண்டும் சேர்ந்து 90. பிரேக்கும் லீவரும் 55. ஹெட்செட், ஸ்டெம், சீட்போஸ்ட் 35. வெறும் ஃப்ரேமும் ஃபோர்க்கும் 110. கூட்டினா 455. கமிஷன் போக 396. வாங்கின 60ஐ கழிச்சா 336 கைல நிக்கும். முழு பைக்கா வித்தா அவ்ளோ நிக்காதுன்னு அப்பவே தெரியும்.

இருந்தும் நான் பிரிக்கல. அந்த டீரெயிலரை தவிர எல்லாம் முப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணா இருந்த பார்ட்டு, ஒரே இலையுதிர் காலத்துல செஞ்சது, அதே ஃப்ரேம்லயே இருக்கு. ஷிஃப்டர் ஒரு ஊருக்கும் கிராங்க் இன்னொரு ஊருக்கும் போயிட்டா திரும்ப அதை யாரும் சேர்க்க முடியாது. இந்த பைக்கெல்லாம் பொறந்த இடம் நம்ம வீட்ல இருந்து கார்ல ஒரு மணி, ஒண்ணரை மணி தூரம்தான், மரின் கவுண்டில ஃபேர்ஃபாக்ஸ்ல மரின் மியூசியம் ஆஃப் பைசைக்ளிங்ல ஆரம்ப கால பைக்குகளை பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன், அதை பார்த்த அப்புறம் ஸ்பானரை எடுத்து ஷிஃப்டரை மட்டும் கழட்டி விக்க எனக்கு மனசு வரல. ஃப்ரேம் உடைஞ்சிருந்தா பிரிச்சிருப்பேன், அப்ப அதுதான் சரி. ஃப்ரேம் நல்லா இருக்குறப்ப பிரிக்க கூடாதுங்கறது என் கட்சி.

எல்எக்ஸ் டீரெயிலரை எடுத்துட்டு அந்த வருஷத்து எக்ஸ்டி ஒண்ணு வாங்கி மாட்டலாமான்னு யோசிச்சேன். நல்லதா கிடைச்சது 45 டாலர். அதை மாட்டினா விலை 30, 40 ஏறும். நஷ்டம்தான், அதனால விட்டுட்டேன், விளம்பரத்துல 'பின் டீரெயிலர் 1993, மாத்தினது'ன்னு நேராவே எழுதிட்டேன்.

ஓட்டுற நிலைக்கு கொண்டுவர ஆன செலவு இது. செயின் 14, பழைய செயின் தேய்மானம் பார்க்குற அளவுகோல்ல 0.75ஐ தாண்டி விழுந்துச்சு. பிரேக் பேட் ரெண்டு ஜோடி 28, பழசு கல்லு மாதிரி காஞ்சிருந்துச்சு, ரிம்மை சுரண்டுதே தவிர நிக்கல. கேபிளும் ஹவுசிங்கும் 22. டயர் ஜோடி 52, பழைய டயரோட பக்கச் சுவர் வெடிச்சு நூல் தெரிஞ்சுச்சு. டயருக்குள்ள போடுற ட்யூப் 12. மொத்தம் 128. பாட்டம் பிராக்கெட்டை கழட்டினது கழட்டினதா பால்ரஸை மாத்தி புது கிரீஸ் வச்சேன், அதெல்லாம் வீட்டுல இருந்த சாமான். பெயிண்ட்ல கை வைக்கல. கீறல் விழுந்த ஒரிஜினல் பெயிண்டுக்கு இருக்குற மதிப்பு புதுசா அடிச்ச பெயிண்டுக்கு கிடையாது, மெழுகு போட்டு தேய்ச்சதோட சரி.

விளம்பரத்துல 400 போட்டேன். செயின் பக்கத்துல இருந்து எடுத்த முழு படம் ஒண்ணு, கிராங்க் பின்னாடி இருந்த தேதி எழுத்து, டாப் ட்யூப் பள்ளத்தை காலிப்பரோட வச்சு எடுத்தது, வெளிய எடுத்த சீட்போஸ்ட் படம். முதல்ல வந்த மெசேஜெல்லாம் '150க்கு தருவியா' ரகம், பதில் போடல. மூணாவது நாள் ஒருத்தர் சீட்போஸ்ட் படத்தை பத்தியே கேட்டார், அந்த கேள்வியிலயே ஆளு யாருன்னு புரிஞ்சுது. வந்தார், நான் செஞ்ச மாதிரியே ஹெட் ட்யூபுக்கு பின்னாடி விரலால தடவினார், தெருவுல ஒரு ரவுண்டு ஓட்டினார், 360ன்னார், சரின்னுட்டேன்.

கணக்கு பார்த்தா 360ல வாங்கின 60ம் செலவு 128ம் ஆயில் 8ம் போக 164. இப்ப இதையும் பாருங்க, ஒட்டின சீட்போஸ்ட்டை மட்டும் விடுவிச்சுட்டு, கழுவி மெழுகு போட்டு, பழைய டயரோடயே 250க்கு குடுத்திருந்தா 182 நின்னிருக்கும். அதாவது புது டயரும் கேபிளும் போட்ட 128 டாலர் முழுசா திரும்பி வரல, 110தான் வந்துச்சு. 8 டாலர் ஆயில் 100 டாலரை காப்பாத்திக் குடுத்துச்சு. அடுத்த தடவை பிரேக் பேட் மட்டும் மாத்துவேன், பிரேக் பிடிக்காத பைக்கை யாருக்கும் ஓட்டிப் பார்க்க குடுக்க மாட்டேன், அது பாதுகாப்பு விஷயம். டயர் வாங்க மாட்டேன், வாங்குறவருக்கு எப்படியும் அவருக்கு பிடிச்ச டயர்னு ஒண்ணு இருக்கு.

வாங்குறப்பவே கவனிக்க வேண்டியது இன்னொண்ணு, சஸ்பென்ஷன் ஃபோர்க். வைஸ் குடுத்து உதவின அதே நண்பர்கிட்ட 90கள் நடுவுல வந்த ஒரு பைக் இருக்கு, முன்னாடி ராக்‌ஷாக்ஸ் ஜூடி ஃபோர்க். அந்த காலத்து ஃபோர்க்குள்ள ஸ்ப்ரிங்குக்கு பதிலா எலாஸ்டமர்னு ரப்பர் மாதிரி துண்டுகள் இருக்கும், வருஷம் ஆக ஆக சிலது பிசுபிசுன்னு கூழாயிடும், சிலது காஞ்சு பொடியாயிடும். அவரோடதை கழட்டினப்ப மஞ்சள் கலர் பசை தான் ஒழுகுச்சு. ஃபோர்க் அமுங்கல, அமுங்கினா திரும்பி வரல. அந்த மாதிரி பைக்குக்கு விலை போடுறப்ப ஃபோர்க் இல்லாத பைக்னு நினைச்சே போடணும். அவர் 300 எதிர்பார்த்தார், ஃப்ரேம் நல்ல அலுமினியம், சைஸ் 20, எல்லாம் பார்த்துட்டு நான் சொன்னது இப்படியே குடுத்தா 120. ஃபோர்க்குக்குள்ள போடுற மாத்து ஸ்ப்ரிங் கிட் ஒண்ணு தேடிக்கிட்டு இருக்கோம், 60 டாலருக்குள்ள கிடைச்சா வாங்கி போட்டுட்டு 220க்கு போடலாம், அதுக்கு மேலன்னா 120க்கே குடுத்துடுங்கன்னு சொல்லியிருக்கேன்.